முற்றிலும் உடன்படுகிறேன்

ஒரு காரியத்துக்கு நாம் தயாராக இருக்கிறோமா இல்லையா என்பதை, அந்தக் காரியத்தைச் செய்து பார்ப்பதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இன்று வரை இதற்குப் பதில் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா கேட்டார். தயார் என்றேன். பிரசவத்துக்குப் போனபோது நர்ஸ் கேட்டார். தயார் என்றேன். இரண்டு தடவையும் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் உண்மை. பெரியவர்கள் கேட்டால் 'தயார்' என்று சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து வளர்ந்தவள் நான். வாயால் சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்றாவது தடவை எழுத்தில் கொடுத்துவிட்டேன். அதுவும் பேனாவால், கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில்.

ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டைக்கு அப்பால் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. காலையில் வேலைக்கு வந்தவர்களின் பேரை எழுதுகிறவர். (கல்யாணத்துக்கு முன் என் தோழிகள் 'மாப்பிள்ளை எழுத்தாளராமே' என்று கேட்டபோது நான் திருத்தவில்லை. என் குணம் அப்போதே அப்படித்தான்.) சேலத்தில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணமாகி மலை ஏறினேன். மீதிப் படிப்பை அஞ்சல் வழியில் தொடர்ந்தேன். பி.ஏ. வரலாறு, கடைசி வருஷம். டவுனில் இருக்கும் மிஷன் பள்ளியின் தலைமை சிஸ்டர் என்னிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "பாஸ் பண்ணிட்டு வா கண்ணு, வர்ற வருஷம் நாலாங்கிளாஸ் உனக்குத்தான்." அன்றிலிருந்து நான் மனத்துக்குள் நாலாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கோழிகளுக்குத் தீனி போடும்போதுகூட வரிசையில் வரச் சொல்வேன்.

அஞ்சல் வழியில் படிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. பல்கலைக்கழகத்தை நாங்கள் பார்த்ததில்லை. அதுவும் எங்களைப் பார்த்ததில்லை. நடுவில் இருப்பது ஒரு பழுப்பு உறை மட்டும்தான். அந்த உறைக்குள்ளிருந்து எந்தத் தாள் வந்தாலும் எங்களுக்கு அது பரீட்சைத் தாள்தான். 'உங்கள் முகவரி மாறியுள்ளதா' என்று கேட்டு ஒரு படிவம் வந்தாலும் ஓரம் விட்டு, கோடு போட்டு, 'இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு வரி விளக்கமும் எழுதித்தான் அனுப்புவோம். எந்தக் கேள்வியையும் விடக் கூடாது. தெரியாவிட்டாலும் எழுத வேண்டும். எழுதினால்தான் பார்க்கிறவர் மனசு வைத்து ஏதாவது போடுவார்.

அப்படி ஒரு நவம்பர் மாதத்தில் ஓர் உறை வந்தது. பாப்பாவுக்கு அப்போது ஒன்பது மாதம். உறைக்குள் நான்கு பக்கத் தாள். 'தொலைநிலைக் கல்வி மாணவர்கள் கணினி வழிக் கற்றலுக்குத் தயாராக உள்ளனரா: ஓர் ஆய்வு' என்று மேலே அச்சடித்திருந்தது. இனிமேல் பாடப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பாமல் கணினியிலேயே பாடம் நடத்தலாமா என்று யோசிக்கிறார்களாம். அதற்கு முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் ஆரம்பித்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. ஐந்தில் ஒன்றில் டிக் போட வேண்டும்.

கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இதில் சரி, தவறு என்ற விடைகள் கிடையாது.'

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். சரி தவறு இல்லாத கேள்வித்தாள் உலகத்தில் எங்கே இருக்கிறது? இது நம்மை அசட்டையாக எழுத வைக்கும் தந்திரம் என்று முடிவு கட்டினேன்.

முதலில் பென்சிலால் உள்ளதை உள்ளபடியே போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து, நான்கு, மூன்று என்று நானே மதிப்பெண் வைத்துக் கூட்டினேன். நூற்றைம்பதுக்கு நாற்பத்தொன்று.

என் நாத்தனார் ரோஸ்லின் அப்போது நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம். எங்களோடுதான் இருந்தாள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, நாப்பத்தொண்ணுங்கறது பெயிலுங்க."

"இது பரீட்சை இல்லைன்னு போட்டிருக்குதே ரோஸு."

"பரீட்சை இல்லைன்னா ரோல் நம்பர் எதுக்குங்க கேக்கறாங்க?"

அது நியாயமாகப் பட்டது. அழி ரப்பரை எடுத்தேன். வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து என் தயார்நிலையைத் தயாரித்தோம்.

மூன்றாவது வாக்கியம்: 'எனக்குக் கணினி வசதி உள்ளது.' எஸ்டேட் ஆபீஸில் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மேனேஜர் ஆசையாக வாங்கினார். அதை இயக்கச் சேலத்திலிருந்து ஓர் ஆளையும் கூட்டி வந்தார். அந்த ஆள் மூன்று மாதக் குளிரையும் ஒரு மழைக்கால அட்டைக் கடியையும் தாங்கிவிட்டுக் கீழே போனவர்தான், திரும்பவில்லை. அன்றிலிருந்து அது மேஜை மேல் மூடியே கிடந்தது.

"இருக்குதல்ல, ஆபீஸுல. பொய்யா என்ன?" என்றார் வீட்டுக்காரர். டிக்.

ஆறாவது: 'கணினியுடன் எனக்குப் பழக்கம் உண்டு.' எனக்குக் கை ஓடவில்லை.

"அதுக்கு உறை தெச்சது யாருங்க அண்ணி?" என்றாள் ரோஸ்லின். "ஒரு பக்கம் விடாம டேப் வெச்சு அளந்தீங்க. மேல ரெண்டு கிளி போட்டீங்க. இந்த மலையில அதை அவ்வளவு தொட்டுப் பழகினவங்க வேற யாருங்க?"

டிக்.

ஒன்பதாவது: 'படிப்பதற்கு எனக்கு அமைதியான தனி இடம் உள்ளது.' விறகுக் கொட்டகையில் படிப்பேன். கோழி முட்டையிடாத நேரத்தில் அமைதியாகத்தான் இருக்கும். டிக். பதினொன்றாவது கொஞ்சம் கோணலானது: 'கணினியின் முன் அமரும்போது எனக்கு அச்சம் ஏற்படுகிறது.' இதற்கு மறுக்கிறேன் என்று போட்டால்தான் முழு மதிப்பெண் என்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன். (வரலாறு படிக்கிறவளுக்கு இவ்வளவாவது சூட்சுமம் வேண்டாமா?) ஆனால் மனசாட்சி உறுத்தியது.

"ஒக்காந்ததே இல்லீல்ல. அப்புறம் அச்சம் எப்புடி வரும்?" என்றாள் ரோஸ்லின்.

முற்றிலும் மறுத்தேன்.

இப்படியே முப்பதும் முடிந்தன. கூட்டிப் பார்த்தால் நூற்றைம்பதுக்கு நூற்றைம்பது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் எனக்கே உரிய அடுத்த பயம் வந்தது. முழு மதிப்பெண் எடுத்தால் சந்தேகப்பட மாட்டார்களா? பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூறு வாங்கிய பெண்ணைத்தான் முதலில் எழுப்பி, 'யாரைப் பாத்து எழுதின' என்று கேட்பார்கள். ஆகவே எங்கேயாவது ஓரிடத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. கண்ணை மூடிக்கொண்டு பேனாவை வைத்தேன். பதினேழாவது வாக்கியத்தில் விழுந்தது: 'தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டால் பதறாமல் செயல்படுவேன்.' அதில் மட்டும் 'ஓரளவு மறுக்கிறேன்' என்று போட்டேன். நூற்று நாற்பத்தேழு. நம்பும்படியாக இருந்தது.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு டிக்கும் நேர்மையால் வந்தது இல்லை. அதுவும் திருட்டுத்தனத்தின் ஒரு பகுதிதான்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. அதைப் படித்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகும் அங்கேயே நின்றிருந்தேன் என்று ரோஸ்லின் சொல்கிறாள். 'தங்கள் விடைகள் எங்கள் கவனத்தை ஈர்த்தன. கணினி வழி முதல் சோதனை வகுப்பைத் தங்களைக் கொண்டே, தங்களிடம் உள்ள கணினியிலேயே நடத்த விரும்புகிறோம். எங்கள் பேராசிரியர் நேரில் வருவார்.' தேதியும் போட்டிருந்தது. சரியாகப் பதினாறு நாள் இருந்தது.

உடனே விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நான் பயந்த வரி அதில் இருந்தது. தவறான தகவல் தருவோரின் பதிவு ரத்து செய்யப்படும். பதிவு ரத்தானால் மே மாதப் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் நாலாம் வகுப்பு இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு விறகுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன். அன்று பார்த்து அங்கே ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, மேனேஜர் ஐயா முடியாதுன்னு சொல்லிருவாருல்லீங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். எனக்கு அப்போது இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். ஆபீஸ் சாமானை வீட்டு விஷயத்துக்குத் தர மாட்டேன் என்று அவர் கத்தினால், அதையே காரணமாக எழுதிவிடலாம்.

மேனேஜர் கத்தவில்லை. "நொம்ப நல்லது ரைட்டர்" என்றாராம். "அந்தப் பொட்டி ரெண்டு வருஷமாத் தூங்குது. ஒரு நாளாவது முழிச்சுக்கட்டும். நம்ம எஸ்டேட்டுக்குப் புரொபசர் வர்றாங்கன்னா சும்மாவா?" வராந்தாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரருக்கு டைப்ரைட்டர் அடிக்கத் தெரியும். கணினியிலும் எழுத்துகள் அதே வரிசைதான் என்று அவர் சொன்னார். ஆபீஸை மேனேஜர் இல்லாத நேரத்தில் திறக்க முடியாது, அவர் இருக்கும்போது போய்ப் பழகினால் குட்டு உடைந்துவிடும். அதனால் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுத்துகளை வட்டம் வட்டமாக வரைந்து கொடுத்தார். பதினாறு நாளும் அந்த அட்டைதான் என் கணினி. சோறு வேகும்போது அட்டை. பாப்பா தூங்கும்போது அட்டை. தூங்காதபோது பாப்பா அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். மேல் வரிசை எழுத்துகளை அவள் எச்சில் அழித்துவிட்டதால் அவற்றை மனப்பாடமாகவே தட்டக் கற்றேன். பத்தாவது நாள் ரோஸ்லின் சொல்லச் சொல்ல நான் கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன்.

"சரியா அடிக்கறேனா ரோஸு?"

"எனக்கெப்புடிங்க தெரியும் அண்ணி? அட்டையில ஒண்ணும் வர மாட்டேங்குதே."

அந்த நாளும் வந்தது. பேராசிரியர் பஸ்ஸைத் தவறவிட்டு, ஆரஞ்சுக் கூடைகள் ஏற்றிய ஷேர் ஜீப்பில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். தோளில் ஒரு ரெக்சின் பை. கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரட்டி, முகமெல்லாம் வெளுத்திருந்தது. நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாற்றைக் குடித்துவிட்டு, "நீங்கதானா அது?" என்று என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஆபீஸில் கிளி உறையை எடுத்தோம். மேடம் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, ஒரு பக்கம் கணினியிலும் மறுபக்கம் டெலிபோன் கம்பியிலும் மாட்டினார். நகரத்தில் ஓர் ஆசிரியர் இன்னொரு கணினி முன் உட்கார்ந்திருப்பாராம். அவர் அங்கே அடிப்பது இங்கே திரையில் வருமாம். நான் இங்கே அடிப்பது அங்கே போகுமாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வாசலில் வீட்டுக்காரர் நின்றார். ஜன்னலில் பழம் பறிக்க வந்த பெண்கள் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள். ரோஸ்லினுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தேன். பாப்பாவைத் தூர வைத்துக்கொள்வது.

மேடம் ஒரு பொத்தானை அழுத்தினார். அந்தச் சின்னப் பெட்டி கத்த ஆரம்பித்தது. டிரான்சிஸ்டரில் ஸ்டேஷன் கிடைக்காதபோது கிறீச்சென்று வருமே, அதை இன்னும் பெரிதாக்கி, நடுவில் யாரோ கோழியின் கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரு சத்தம். வெளியே பாப்பாவும் சேர்ந்து வீரிட்டாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கையிலிருந்த கிளி உறையை அப்படியே கணினியின் மேல் போட்டு மூடிவிட்டேன்.

உறைக்குள்ளிருந்தும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது.

"ஏம்மா மூடுனீங்க?" என்றார் மேடம்.

"குளிருமுங்க மேடம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அவர் உறையை எடுத்து என் கைக்கு எட்டாத நாற்காலியில் வைத்தார். சத்தம் அடங்கியது. திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. 'குட் மார்னிங். ஆர் யூ ரெடி?' நகரத்திலிருந்து கேட்கிறார்கள். ஜன்னலில் இருந்த பெண்கள், "எழுத்து தானா வருது புள்ள" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் பதினாறு நாள் பயிற்சி பலித்தது. விரல்கள் தாமாகவே ஓடின. ஒரு பிழையில்லை. மேடமே என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ஆனால் திரையில் வந்தது இப்படி இருந்தது: 'குட்மார்னிங்சார்ஐயாம்ரெடிதேங்க்யூசார்'.

அங்கிருந்து, 'ப்ளீஸ் ரிபீட்' என்று வந்தது. நான் மறுபடியும் அதையே இன்னும் வேகமாக அடித்தேன்.

"நடுவுல நடுவுல அந்த நீளக் கட்டையைத் தட்டுங்கம்மா. அப்பத்தான் வார்த்தை பிரியும்" என்றார் மேடம்.

நீளக் கட்டையா? கீழே பார்த்தேன். விரலளவு அகலத்தில் ஒரு நீளக் கட்டை இருக்கத்தான் இருந்தது. என் அட்டையில் அது இல்லை. வாசலில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். (அட்டையில் இடம் போதவில்லை, மேலே ஓர் எழுத்தும் இல்லாத அவ்வளவு பெரிய கட்டை எதற்கு என்று விட்டுவிட்டாராம். அன்று சாயங்காலம் சொன்னார். இன்னும் அந்த விஷயம் எங்களுக்குள் தீரவில்லை.)

கட்டையைத் தட்டப் போன நேரத்தில் திரை அப்படியே நின்றது. மேடம் கம்பியைச் சரி பார்க்க மேஜைக்கு அடியில் குனிந்து போனார். அடுத்த ஐந்தாவது நிமிஷத்தில் மேனேஜர் பங்களாவிலிருந்து அவருடைய சம்சாரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேகமாக இறங்கி வந்தார். ஆபீஸ் டெலிபோனுக்கும் பங்களா டெலிபோனுக்கும் ஒரே கம்பி என்பது எங்களில் ஒருவருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ரைட்டர், போனுக்குள்ள என்ன கத்துது? கறிக்கடைக்குச் சொல்லலாம்னு எடுத்தேன், காதே அடைச்சுப்போச்சு. நான் வெச்சுட்டு வெச்சுட்டு எடுக்கறேன், அது விடாமக் கத்துது."

"அது கிளாஸுங்கம்மா" என்றார் வீட்டுக்காரர்.

"கிளாஸா? யாரு அப்புடிக் கத்தறது, வாத்தியாரா?"

அதே சமயம் கீழே காப்பிப் பழம் அரைக்கும் மெஷினைப் போட்டார்கள். சீசன் நேரத்தில் தினமும் பதினொன்றரைக்குப் போடுவதுதான். அதைப் போட்டால் எஸ்டேட் முழுக்க விளக்கு மங்கிவிடும். அன்றும் மங்கியது. கணினி ஒரு பெருமூச்சு விட்டுக் கறுத்துப்போனது. 'என்ன ஆச்சுங்க' என்று பார்க்க ரோஸ்லின் உள்ளே வந்தாள். வந்தவள் பாப்பாவைத் தரையில் இறக்கிவிட்டாள். பாப்பா நேராகத் தவழ்ந்து போய், தொங்கிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்துத் தன் முழு பலத்தோடு இழுத்தாள். அந்தச் சின்னப் பெட்டி மேஜை விளிம்பிலிருந்து வழுக்கி, அடியில் இருந்து வெளியே வந்துகொண்டிருந்த மேடத்தின் தலையில் விழுந்தது.

பெரிய அடியில்லை. ஆனால் எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. மேடத்தின் தலையைத் தடவுவதா, பாப்பாவின் வாயிலிருந்து கம்பியைப் பிடுங்குவதா, கணினியை எழுப்புவதா என்று தெரியாமல் மூன்றுக்கும் நடுவில் நின்று அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நான் இதைத் தொட்டதே இல்லீங்க மேடம். உறை தெக்கத்தான் தொட்டேன். அமைதியான இடமும் இல்லீங்க, அது விறகுக் கொட்டாய். நேரமும் திட்டமிடறது இல்லீங்க. எல்லாம் மார்க்குக்காகப் போட்டதுங்க. என் பதிவை ரத்து பண்ணிராதீங்க மேடம். சிஸ்டர் நாலாங்கிளாஸ் தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

மேடம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பாப்பா அவர் மடியில் ஏறி ஸ்வெட்டர் பொத்தானைச் சப்பத் தொடங்கியிருந்தாள். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சின்னச் சிரிப்பு இல்லை. கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு.

"ஒக்காருங்கம்மா" என்று என்னையும் தரையில் உட்காரச் சொன்னார். பையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து எங்களுக்கு நடுவில் போட்டார். எல்லாம் என்னிடம் வந்த அதே நான்கு பக்கப் படிவங்கள். "புரட்டிப் பாருங்க."

புரட்டினேன். எல்லாவற்றிலும் டிக் ஒரே கோட்டில், வரிசையாக, முதல் கட்டத்தில் இறங்கியிருந்தது. கோணலான பதினொன்றாவதில் மட்டும் எல்லோரும் தாண்டிப் போய்க் கடைசிக் கட்டத்தில் போட்டிருந்தார்கள்.

"அத்தனை பேரும் முழு மார்க்குங்க. பாருங்க, இந்த அம்மா ஊருல இன்னும் கரன்டே வரலை. கம்ப்யூட்டரைத் தினமும் பயன்படுத்தறாங்களாம். இவரு வேண்டாததுக்கு எக்ஸ்ட்ரா ஷீட் வேற வெச்சிருக்காரு. என் ஆபீஸுல எல்லாரும் ஆகா, மாணவர்கள் தயார்னு குதிக்கறாங்க. அடுத்த வருஷத்துலிருந்து புத்தகத்தையே நிறுத்திரலாம்னு பேச்சு. எனக்கு மட்டும் நம்பிக்கை வரலை." அவர் ஒரு தாளைத் தனியாக உருவி எடுத்தார். என் தாள். "இத்தனை தாளுல ஒரே ஒருத்தர் ஒரே ஒரு எடத்துல உண்மையைச் சொல்லியிருந்தாங்க. கோளாறு வந்தா பதறுவேன்னு. அது யாருன்னு பாத்துட்டுப் போகலாம்னுதான் மலை ஏறி வந்தேன். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மைன்னு இப்ப நானே பாத்துட்டேன்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். 'இல்லீங்க மேடம், அதுவும் திருட்டுத்தனம்தான், கண்ணை மூடிப் போட்டது' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். வாசலிலிருந்து வீட்டுக்காரரும் பின்னாலிருந்து ரோஸ்லினும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பங்களா அம்மா, "எல்லாரும் மொதல்ல காப்பி குடிங்க" என்று ஆளுக்கொரு டம்ளரை நீட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

காப்பி குடித்த பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து மேடமே கேட்டுக் கேட்டு எழுதினார். இந்தத் தடவை முப்பத்தெட்டு. பென்சிலில் நானாகப் போட்டதைவிட மூன்று குறைவு. விறகுக் கொட்டகையை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தலைக்குத் தைலம் தேய்த்து, இரண்டு கிலோ ஆரஞ்சு கொடுத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து அனுப்பிவைத்தோம்.

என் பதிவு ரத்தாகவில்லை. புத்தகமும் நிற்கவில்லை. மேடத்தின் அறிக்கைக்குப் பிறகு கணினி வகுப்பைத் தள்ளி வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக மாதம் ஒரு ஞாயிறு ஏற்காடு டவுனிலேயே நேர்முக வகுப்பு வைத்தார்கள். அதுவரை ஒரு வகுப்புக்காக நாங்கள் சேலம் இறங்கி ஏற வேண்டியிருந்தது. தூரத்து வெள்ளக்கடையிலிருந்துகூட இரண்டு பெண்கள் கைக்குழந்தையோடு வந்தார்கள். மே மாதம் பரீட்சை எழுதினேன். பாஸ் பண்ணினேன். சிஸ்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இப்போது முப்பத்திரண்டு பிள்ளைகள். கோழிகளைவிடக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

வீட்டில்தான் அந்த நாள் இன்னும் முடியவில்லை. சோறு ஆகிவிட்டதா என்று யாராவது கேட்டால், வீட்டுக்காரர் எனக்கு முந்திக்கொண்டு, "முற்றிலும் உடன்படுகிறேன்" என்பார். ரோஸ்லினைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா, "உனக்குச் சம்மதமா கண்ணு?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்தபடியே அதையே சொல்லித் தொலைத்தாள். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்குச் செந்தமிழ் நன்றாக வருகிறது என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களாம். பாப்பாவுக்கு நாலு வயது ஆகப் போகிறது. குளிக்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய், "ஓரளவு மறுக்கிறேன்" என்கிறாள்.

இதெல்லாம் வேடிக்கைதான். என்னை உறுத்துவது வேறொன்று. மேடம் வருஷா வருஷம் எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறார். 'உண்மையைச் சொன்ன ஒரே மாணவிக்கு' என்று எழுதியே அனுப்புகிறார். இந்த வருஷம் வாழ்த்தோடு ஒரு கடிதமும் இருந்தது. அடுத்த மாத நேர்முக வகுப்பில் புதிய மாணவர்களுக்கு மறுபடியும் ஏதோ படிவம் கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு முன் நான் மேடை ஏறி, உண்மையை எழுதுவது எவ்வளவு முக்கியம் என்று பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். மேடமும் முன் வரிசையில் இருப்பாராம்.

பதினேழாவது டிக்கின் கதையை அங்கே சொல்லிவிடு என்கிறாள் ரோஸ்லின். நல்ல மனுஷியை எதற்கு வருத்தப்பட வைக்கிறாய், பேசாமல் பேசிவிட்டு வா என்கிறார் வீட்டுக்காரர். பாவமன்னிப்பில் பாதரிடமே சொல்லிவிட்டேன். அவர், "அந்த மேடம் முன் வரிசையில எந்தப் பக்கம் ஒக்காருவாங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். அவரும் வந்து வேடிக்கை பார்க்கப் போகிறார் போலிருக்கிறது. பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று தினமும் சொல்கிறவள் நான். அதே சமயம், அந்த ஒரு டிக்கை நம்பி மலை ஏறி வந்து, தலையில் அடியும் வாங்கிக்கொண்டு, இத்தனை பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வாங்கிக் கொடுத்தவர் அவர். அவரிடம் போய் அது வெறும் கணக்குத்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு சங்கடத்தைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருப்பீர்கள். சொல்லலாமா, வேண்டாமா? சொல்வதென்றால் மேடையிலா, அவருடைய வீட்டுக்குத் தனியாகப் போயா? தயவு செய்து எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள். கீழிருந்து தபால் எங்கள் எஸ்டேட்டுக்கு ஏறி வர இரண்டு நாள் கூடுதலாக ஆகும்.